சிறு மோட்டாரும் வலியறிதலும்

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் அது. மேற்கொள்ளும் செயலின் வலிமை, தன்னுடைய வலிமை, எதிர்ப்பவனின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் முதற்குறள் தரும் அறிவுரை. உரையாசிரியர்கள் இதனை அரசியல் அறமாகவே விளக்கினர். வகுப்பறையில் நாமும் அரசனையும் படையையும் எடுத்துக்காட்டியே இதனைக் கற்பிக்கிறோம். மாணவரும் பொருளை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். படை நடத்தும் வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு இந்நான்கு வலிமைகளும் எங்கே கண்முன் தோன்றும் என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக இருந்தது. கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு மோட்டார் அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தது.

பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்று உள்ளது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் ஒருநாள் அப்பள்ளியின் அறிவியல் கழகத்துக்குச் சென்று வருகிறேன். அங்கே ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, அறையின் வெப்பம் மிகும்போது தானாகச் சுழலும் காற்றாடி ஒன்றின் மாதிரியைச் செய்ய விரும்பினாள். அவளுடைய பாட்டி குடியிருக்கும் வீட்டுக்குத் தகரக் கூரை. நண்பகலில் அவ்வீட்டுக்குள் இருப்பது எரியும் அடுப்பின் அருகே இருப்பதைப் போன்றது. பாட்டிக்கு முழங்கால் வலி வேறு. அடிக்கடி எழுந்து சென்று காற்றாடியைப் போடவும் நிறுத்தவும் அவரால் இயலாது. கணினி அந்த வேலையைச் செய்தால் என்ன என்று அச்சிறுமி எண்ணியிருக்கிறாள். நல்ல எண்ணம், அன்பில் பிறந்த எண்ணம்.

தம்பியின் உடைந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டாரை எடுத்தாள். பழைய கைப்பேசிக் கம்பி ஒன்றை அறுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என நான்கு மெல்லிய கம்பிகள் இருந்தன. சிவப்பையும் கறுப்பையும் மோட்டாரில் முறுக்கிக் கட்டி, கம்பியின் மறுமுனையைப் பள்ளிக் கணினியின் யூ.எஸ்.பி. செருகுவாயில் செருகினாள். காகிதத்தால் செய்த காற்றாடி இரைச்சலுடன் சுழன்றது. தோழியர் கைதட்டினர். அந்த ஆரவாரத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் சரிந்து காற்றாடியின்மேல் விழுந்தது. மோட்டார் நின்றது. மறுகணமே கணினித் திரையில், அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுக்கப்படுகிறது என்னும் எச்சரிக்கை தோன்றியது. செருகுவாய் மூடிக்கொண்டது, பக்கத்திலிருந்த சுட்டியும் செயலிழந்தது.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியரின் உள்ளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "கணினி அறைக்குள் மோட்டார் கொண்டுவரக் கூடாது" என்னும் அறிவிப்பு அன்று மாலையே கதவில் ஒட்டப்பட்டது. அவரைக் குறை கூறுதல் தகாது. அவ்வறையில் இருப்பவை பன்னிரண்டே கணினிகள். பெற்றோர் வீட்டில் பலகாரம் செய்து விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கியவை அவற்றுட் சில. ஒன்று பழுதானால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தாம். எனினும் அந்த அறிவிப்பால் ஒரு சிறுமியின் முயற்சி நின்றுபோனது. அறிவியல் விழாவுக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன.

அடுத்த வாரம் அவள் என்னிடம் வந்தாள். "ஐயா, அதே கம்பியில் சின்ன விளக்கைக் கட்டினால் எரிகிறது. மோட்டாரைக் கட்டினால் மட்டும் கணினி ஏன் பயப்படுகிறது?" என்று கேட்டாள். தடையை நீக்கித் தருமாறு அவள் கேட்கவில்லை, காரணத்தையே கேட்டாள். பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, கணினியைத் தொடாமல், உலர் மின்கலன்களையும் மல்டிமீட்டரையும் வைத்துக்கொண்டு நாங்கள் விடை தேடினோம். அப்போதுதான் வள்ளுவரின் நான்கு வலிமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

முதலாவது, செயலின் வலிமை. மோட்டாரைச் சுழற்றுவதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை? அளந்து பார்த்தோம். இரண்டு மின்கலன்களை இணைத்து 3 வோல்ட் கொடுத்தபோது, காகிதக் காற்றாடியுடன் சுழன்ற மோட்டார் ஏறத்தாழ 220 மில்லியாம்பியர் எடுத்தது. சுழலும் அச்சை விரலால் அழுத்தி நிறுத்தச் சொன்னேன். மீட்டரில் எண் சட்டென்று ஏறி 1 ஆம்பியரைத் தொட்டது. அவள் பார்த்த சின்ன விளக்குக்கோ 10 மில்லியாம்பியர் போதும். அதாவது, நின்ற மோட்டார் ஒன்று நூறு விளக்குகளின் உணவைக் கேட்கிறது.

சுழலும்போது குறைவாகவும் நிற்கும்போது மிகுதியாகவும் மோட்டார் மின்சாரத்தை இழுப்பது ஏன்? உழைப்பவனுக்குத்தானே பசி மிகும் என்று நாம் நினைக்கிறோம். மோட்டாரின் இயல்பு வேறு. மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர் 1821ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மின்சாரம் பாயும் கம்பி ஒன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் அவர். உலகின் எல்லா மோட்டார்களுக்கும் அந்தச் சுழற்சியே மூத்த வடிவம். பத்து ஆண்டுகள் கழித்து, 1831இல், காந்தப் புலத்தில் கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதையும் அவரே காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால் விடை கிடைக்கும். சுழலும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு மின்னாக்கியாகவும் இருக்கிறது. அது பிறப்பிக்கும் மின்னழுத்தம், வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. வேகம் கூடக் கூட எதிர்ப்புக் கூடும்; உள்ளே வரும் மின்னோட்டம் குறையும். மோட்டார் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லை. கம்பிச்சுருளின் சிறிய தடை மட்டுமே எஞ்சும். எங்கள் மோட்டாருக்கு அது ஏறத்தாழ 2.5 ஓம். ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, 5 வோல்ட்டை 2.5ஆல் வகுத்தால் 2 ஆம்பியர் வருகிறது. நோட்டுப்புத்தகம் விழுந்த கணத்தில் மோட்டார் கணினியிடம் கேட்ட அளவு இதுவே. ஒவ்வொரு முறை புறப்படும்போதும், ஒரு நொடியின் சிறு பகுதிக்கேனும், மோட்டார் இவ்வாறுதான் கேட்கும்.

இரண்டாவது, தன் வலிமை. கணினியின் செருகுவாயால் எவ்வளவு கொடுக்க முடியும்? யூ.எஸ்.பி. முறை 1996இல் வகுக்கப்பட்டது. கணினியும் அதனுடன் இணையும் கருவிகளும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காகவே அதனை அமைத்தனர். நான்கு கம்பிகளுள் வெள்ளையும் பச்சையும் செய்திக்கு உரியவை. சிவப்பும் கறுப்பும், வந்து சேரும் கருவி பசித்திராமல் இருப்பதற்கு 5 வோல்ட் மின்சாரம் தருபவை. அதற்கும் ஒழுங்கு உண்டு. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி, ஒரு கருவி முதலில் 100 மில்லியாம்பியருக்குள் அடங்கி இருக்க வேண்டும்; கணினியிடம் கேட்டு இசைவு பெற்ற பின் 500 மில்லியாம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். 2008இல் வந்த 3.0 முறை இதனை 900 மில்லியாம்பியராக உயர்த்தியது. இன்றைய புதிய முறைகளில் மடிக்கணினிகளுக்கே மின்னேற்றம் செய்யும் அளவு கிடைக்கிறது. ஆனால் அங்கும் கேட்டுப் பெறுவதே வழக்கம். கம்பியை அறுத்துக் கட்டிய மோட்டாருக்குக் கேட்கத் தெரியாது; இழுக்கத்தான் தெரியும். 500 மட்டுமே தரக்கூடிய இடத்தில் 2000ஐ இழுத்தால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளச் செருகுவாயை மூடுகிறது. நல்ல கணினி ஆதலால் மூடியது. அவ்வாறான பாதுகாப்பு இல்லாத கருவியாக இருந்தால் உள்ளே ஏதேனும் ஒன்று கருகியிருக்கும்.

முந்தைய தலைமுறைக் கணினிகளில் இந்த வலிமை இன்னும் குறைவு. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியில் அச்சுப்பொறிக்கென 25 துளைகள் கொண்ட செருகுவாய் ஒன்று இருந்தது. எட்டுச் செய்திக் கம்பிகள் அதில் உண்டு. மின்சாரம் தருவதற்கென்று ஒரு கம்பிகூட இல்லை. செய்திக் கம்பிகளிலிருந்து சில மில்லியாம்பியர் மட்டுமே எடுக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கம்பியையும் கணினி நிரலால் தனித்தனியே ஏற்றி இறக்கலாம் என்பது அதன் சிறப்பு. யூ.எஸ்.பி. செருகுவாயின் சிவப்புக் கம்பியை அவ்வாறு நம் விருப்பப்படி ஆட்டி வைப்பது பொதுவாக இயலாது. மாணவி கட்டிய மோட்டார் சுழன்றது உண்மை. ஆனால் வெப்பத்துக்கு ஏற்ப அதனைச் சுழல விடவும் நிறுத்தவும் அந்தக் கட்டமைப்பில் வழியே இல்லை. இதனை அறிந்ததும் அவள் முகம் வாடியது. "அப்படியானால் கணினியால் முடியாதா, ஐயா?" என்றாள். முடியும், ஆனால் தனித்து முடியாது என்றேன்.

துணையைத் தேடுமுன் மூன்றாவது வலிமையையும் பார்க்க வேண்டும். அது எதிர்ப்பின் வலிமை. மோட்டாருக்குள் இருப்பது கம்பிச்சுருள். மின்னோட்டத்தில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் கம்பிச்சுருள் எதிர்க்கும். தூண்டப்படும் மின்சாரம் தன்னைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்த்து நிற்கும் என்பதை லென்ஸ் என்னும் அறிஞர் 1834இல் விதியாக எழுதினார். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால், சுருள் அந்த ஓட்டத்தைத் தொடரவே முனைகிறது. செல்ல வழி இல்லாதபோது மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எழும்புகிறது. 5 வோல்ட் கொடுத்த இடத்தில் பல பத்து வோல்ட் திருப்பி அடிக்கிறது. கணினியின் உள்ளுறுப்புகளும் அதனுடன் இணைந்த சில்லுகளும் அந்த அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இதற்கு மருந்து, சில காசுகளுக்குக் கிடைக்கும் டையோடு. ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் கதவு அது. மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளைக் கோடுள்ள முனை மின்கலனின் நேர்முனைப் பக்கம் இருக்குமாறு அதனைக் கட்டிவிட்டால், மோட்டார் சுழலும்போது அது வாளாவிருக்கும். மின்சாரம் வெட்டப்பட்ட கணத்தில் திருப்பி அடிக்கும் ஓட்டத்துக்கு வழி விட்டு அதனைச் சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கச் செய்யும்.

நான்காவது, துணையின் வலிமை. என் வயதுக்காரர்களுக்கு டிரான்சிஸ்டர் என்றால் வானொலிப் பெட்டிதான். தோட்டத்து வீடுகளில் மாலை வேளையில் தமிழ்ச் செய்தியும் பாட்டும் தந்த அந்தப் பெட்டிக்கு, அதனுள் இருந்த சிற்றுறுப்பின் பெயரே பெயராகிவிட்டது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் என்னும் இருவர் அவ்வுறுப்பை முதன்முதலில் இயக்கிக் காட்டினர். அவர்களுக்கும் உடனுழைத்த ஷாக்லிக்கும் 1956இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: அடிவாய், ஏற்பான், உமிழ்ப்பான். அடிவாயில் சிறிதளவு மின்னோட்டம் கொடுத்தால், மற்ற இரண்டு கால்களுக்கும் இடையே பெரிய மின்னோட்டம் பாய வழி திறக்கும்.

மாணவிக்கு இதனை விளக்க நம் மாநிலத்திலேயே ஓர் உவமை கிடைத்தது. கிரியான் வட்டார நெல்வயல்களுக்கு நீர் தரும் புக்கிட் மேரா ஏரி 1906இல் அமைக்கப்பட்டது. அவ்வேரியின் மதகைத் திறப்பவர் ஒரு சக்கரத்தைத் திருப்புகிறார். ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அவர் கையிலிருந்து வருவதில்லை, ஏரியிலிருந்து வருகிறது. அவர் தருவது ஆணை. ஏரி தருவது நீர். கணினியை மதகுக்காரராகவும், மின்கலன்களை ஏரியாகவும், டிரான்சிஸ்டரை மதகாகவும் எண்ணிக்கொள் என்றேன். அவள் உடனே, "மோட்டார்தான் வயல்" என்றாள்.

பிறகு கட்டும் வேலை எளிதாயிற்று. இத்தாலியில் 2005இல் உருவான அர்டுயினோ என்னும் சிறு பலகையைக் கணினியின் செருகுவாயில் இணைத்தோம். அது கணினியிடம் முறைப்படி பேசத் தெரிந்த கருவி. அதன் ஒரு முனையிலிருந்து 20 மில்லியாம்பியர் வரை எடுக்கலாம்; எங்களுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. அம்முனையிலிருந்து 1000 ஓம் தடை ஒன்றின் வழியாக, டி.ஐ.பி. 120 என்னும் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு ஒரு கம்பி சென்றது. மோட்டாரின் ஒரு முனை மின்கலன்களின் நேர்முனையிலும், மறுமுனை டிரான்சிஸ்டரின் ஏற்பானிலும் இணைந்தன. உமிழ்ப்பான் மின்கலன்களின் எதிர்முனைக்குச் சென்றது. டிரான்சிஸ்டரிலேயே ஒரு வோல்ட் அளவு குறைந்துவிடும் ஆதலால் இரண்டுக்குப் பதில் மூன்று மின்கலன்களை வைத்தோம். பலகையின் எதிர்முனையையும் மின்கலன்களின் எதிர்முனையையும் ஒரு கம்பியால் சேர்த்தோம். இந்தக் கடைசிக் கம்பியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். இருவர் பேசிக்கொள்ள வேண்டுமானால் இருவருக்கும் ஒரே தரை வேண்டும். அது இல்லையேல் ஆணை போய்ச் சேராது.

நான்கு மில்லியாம்பியருக்கும் குறைவான ஆணையில் காற்றாடி சுழன்றது. ஆணை நின்றதும் நின்றது. அச்சை அழுத்திப் பிடித்துப் பார்த்தோம். மின்கலன்கள் திணறின, கணினிப் பக்கத்தில் எந்தச் சலனமும் இல்லை. வெப்ப உணரியைப் பலகையில் சேர்ப்பதும், எத்தனை பாகையில் காற்றாடி சுழல வேண்டும் என நிரல் எழுதுவதும் மாணவியும் அவள் தோழியரும் தாமே செய்துகொண்ட வேலைகள்.

ஆனால் கதவிலிருந்த அறிவிப்பு அங்கேயே இருந்தது. இவ்வளவையும் தாழ்வாரத்தில் என் பழைய மடிக்கணினியில்தான் செய்தோம். அதனை நீக்கும்படி நான் சென்று கேட்டிருக்கலாம். அதைவிட, அறிந்ததை எழுதிக் கொடுக்குமாறு அவளிடம் சொல்வதே தக்கது எனத் தோன்றியது. அவள் தமிழில் ஒரு பக்கம் எழுதினாள். மோட்டார் எவ்வளவு கேட்கிறது, செருகுவாய் எவ்வளவு தரும், திருப்பி அடிப்பது எது, இடையில் நிற்பவை எவை என்பவற்றை எண்களோடு எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. 2003ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், சோதனையைச் செய்து முடித்த மாணவன் அதற்குரிய காரணத்தைத் தன் தாய்க்குச் சொல்லச் சொல் இல்லாமல் நின்றதை நான் பலமுறை கண்டேன். இச்சிறுமிக்கு அந்தக் குறை இல்லை. டிரான்சிஸ்டர், டையோடு என வந்த சொற்களை வந்தபடியே ஏற்று, அவை செய்யும் வேலையைத் தெளிந்த தமிழில் சொல்லியிருந்தாள். பாட்டிக்குப் படித்துக் காட்டியதாகவும், மதகு உவமை வரையில் பாட்டிக்கு விளங்கியதாகவும் கூறினாள்.

அந்தப் பக்கத்தைத் தலைமையாசிரியையும் கணினி அறை ஆசிரியரும் படித்தனர். அவ்வாசிரியர் சில கேள்விகள் கேட்டார்; அவள் விடை கூறினாள். மறுவாரம் நான் சென்றபோது அறிவிப்பு மாறியிருந்தது. "மோட்டாரைக் கணினியில் நேரடியாக இணைக்கக் கூடாது" என்று அவர் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். நேரடியாக என்னும் ஒரு சொல்லால் கணினிகளுக்குக் காவலும் கிடைத்தது. மாணவருக்கு வழியும் கிடைத்தது. மாதிரி அறிவியல் விழாவுக்குச் சென்றது. பரிசு பெற்றதா என்று பலர் கேட்பர். மூன்றாம் பரிசு பெற்றது. எனக்கோ அந்த அறிவிப்பில் சேர்ந்த ஒரு சொல்லே பெரும் பரிசாகப் பட்டது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் நாம் விதிக்கும் தடைகள் பல, அச்சத்தில் பிறப்பவை. அளவு தெரியாத இடத்தில் அச்சம் இயல்பே. வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்னும் தடைக்கு விலக்கே இருத்தல் ஆகாது. அங்கே பிழை உயிரைக் கேட்கும். ஆனால் 5 வோல்ட்டுக்கும் மின்கலன்களுக்கும் அதே தடையை விதித்தால், மாணவர் அறிய வேண்டியதை அறியாமலே போவர். எது எவ்வளவு தாங்கும் என்று அளந்து சொல்லிவிட்டால், அவர்களே தமக்கு எல்லை வகுத்துக்கொள்வர்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒரு மோட்டாரை எடுத்துப் பாருங்கள். கம்பியைச் செருகுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு கேட்கும்? நான் இணைக்கும் இடம் எவ்வளவு தரும்? நிறுத்தும்போது திருப்பி அடிப்பது எது? இடையில் துணையாக எதனை நிறுத்துவது? நான்கு விடைகளையும் எண்களோடு தாளில் எழுதிய பிறகு விசையை அழுத்துங்கள்.